சுங்கை சிப்புட்டிலிருந்து அமெரிக்கத் தேர்தலைப் படிக்கும் முறை

அமெரிக்கர்கள் ஓட்டுப் போடுவது செவ்வாய்க்கிழமை. எண்ணிக்கை மலேசியாவில் இருக்கும் நமக்கு வருவது புதன்கிழமை, வேலை நேரத்தில். நவம்பரின் முதல் திங்கட்கிழமைக்கு மறுநாள்தான் தேர்தல் என்பது அங்கே சட்டம். 2026இல் அது நவம்பர் 3; அதிபர் தேர்தல் நடக்கும் 2028இல் நவம்பர் 7. இரண்டு முறையும் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகையால் நியூயார்க் நேரத்தோடு 13 மணியைக் கூட்டினால் மலேசிய நேரம். கோடைக்காலக் கணக்கை நினைத்துக்கொண்டு 12ஐக் கூட்டினால், மாமாக் கடை டிவிக்கு முன்னால் ஒரு மணி நேரம் வெறுமனே உட்கார வேண்டியதுதான்.

நம் பழக்கம் வேறு. ஒவ்வொரு சாலுரானிலும் (வாக்களிப்பு அறையிலும்) எண்ணி முடித்து, கட்சி ஏஜெண்டுகள் போராங் 14 என்ற முடிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தேர்தல் ஆணையமான எஸ்பிஆர் பெரும்பாலும் அன்றிரவே யார் வென்றது என்று சொல்லிவிடும். அமெரிக்காவில் எஸ்பிஆர் மாதிரி நாடு முழுவதற்குமான எண்ணும் அமைப்பே கிடையாது. பெரும்பாலான இடங்களில் எண்ணுவது கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் மாதிரியான பிரிவு. விதியை எழுதுவது மாநிலம். அன்றிரவு “இவர் வென்றார்” என்று அறிவிப்பது அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனம். சட்டப்படியான முடிவு வாரக்கணக்கில் கழித்துத்தான் வரும். அதனால், எண்ணி முடியாத கணக்கைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அமெரிக்கத் தேர்தல் புரியும். யார் முன்னிலை என்று பார்க்காதீர்கள், எங்கே எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மற்றதெல்லாம் இதற்குக் கிளைதான்.

முதல் நாளே ஒரு பள்ளிக்கூட நோட்டில் கட்டம் போட்டு வையுங்கள். அதிபரை முடிவு செய்வது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கிய தேர்வாளர் வாக்கு. அதிபர் தேர்தல் என்றால் ஐம்பது மாநிலத்தையும் எழுத வேண்டாம், ஏழு போதும்: பென்சில்வேனியா (19 தேர்வாளர் வாக்கு), ஜார்ஜியா (16), வட கரோலினா (16), மிச்சிகன் (15), அரிசோனா (11), விஸ்கான்சின் (10), நெவாடா (6). மொத்தம் 93. இருப்பது 538, வேண்டியது 270. கலிபோர்னியாவின் 54 ஒரு பக்கம், டெக்சாஸின் 40 மறு பக்கம் என்று மற்றவை ஏறக்குறைய தீர்மானமானவை. 2024இல் ஏழையும் டிரம்ப் எடுத்தார், 312க்கு 226. மேய்ன், நெப்ராஸ்கா இரண்டு மாநிலங்கள் மட்டும் தேர்வாளர் வாக்கைத் தொகுதி வாரியாகப் பிரிக்கின்றன. மற்ற எல்லா இடத்திலும் ஒரே ஒரு வாக்கு அதிகமாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் மொத்தமும் அவருக்கே.

“நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்பார்?” என்று கேட்பவருக்கு நம் 2013 பொதுத்தேர்தலை ஞாபகப்படுத்துங்கள். எதிரணியான பக்காத்தான் ராக்யாட் ஏறக்குறைய 51 விழுக்காடு வாங்கி 89 இடம், ஆளும் தேசிய முன்னணி 47 விழுக்காட்டோடு 133 இடம். 2016இல் ஹிலரி கிளிண்டன் ஏறக்குறைய 29 லட்சம் வாக்கு அதிகம் வாங்கியும் தோற்றார். டிவியின் அடியில் ஓடும் நாடு தழுவிய மொத்த எண்ணிக்கையை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டால்கூட நஷ்டமில்லை.

நோட்டில் மாநிலத்துக்கு நேராக நான்கு கட்டம் வேண்டும்: வாக்குச்சாவடி மூடும் மலேசிய நேரம், போன முறைப் பெரும்பான்மை, இப்போதைய வித்தியாசம், மிச்ச வாக்கு எந்தக் கவுண்டியில். நேரக் கட்டத்தை இப்படி நிரப்புங்கள்:

காலை 7: இந்தியானா, கென்டக்கி மாநிலங்களின் பெரும்பகுதி. சூடு பிடிக்காது.
காலை 8: ஜார்ஜியா, வர்ஜீனியா, புளோரிடாவின் பெரும்பகுதி.
காலை 8.30: வட கரோலினா, ஒஹாயோ.
காலை 9: பென்சில்வேனியா, மிச்சிகனின் பெரும்பகுதி, புளோரிடாவின் மிச்சம்.
காலை 10: விஸ்கான்சின், அரிசோனா, நியூயார்க். அரிசோனா மூடியபின் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதல் எண்ணை வெளியிடும்.
காலை 11: நெவாடா. வரிசையில் நிற்கும் கடைசி ஆள் போட்டு முடிக்கும்வரை எண் வராது.
பகல் 12: கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலம்.

செம்பனைக் காட்டுக்குள் இருப்பவர்கள் வீடியோவை நம்பாதீர்கள், லைன் விட்டுவிட்டுத்தான் வரும். எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள முடிவுப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேட்டட் பிரஸ்ஸின் கவுண்டி அட்டவணை ஒன்று, அந்தந்த மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் அதிகாரப்பூர்வப் பக்கம் இன்னொன்று. விடியற்காலை 6 மணிக்கு “எக்ஸிட் போல்” (ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்பு) என்று வாட்சாப்பில் வரும் எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அசோசியேட்டட் பிரஸ்ஸே 2016க்குப் பிறகு அந்த முறையைக் கைவிட்டு வேறு ஆய்வுக்கு மாறிவிட்டது.

இனி எண்ணும் வரிசைக்கு வருவோம். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் அஞ்சல் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்பு பிரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நேரில் போட்ட வாக்கு முதலில் ஏறும், அதில் குடியரசுக் கட்சி பலமாகத் தெரியும். அஞ்சல் வாக்கு பிறகு ஏறும், அதில் ஜனநாயகக் கட்சிக்கு அதிகம். 2020இல் பென்சில்வேனியாவில் டிரம்ப் ஒரு கட்டத்தில் ஏழு லட்சம் வாக்கை ஒட்டி முன்னிலையில் இருந்தார். கடைசியில் பைடன் 80,000 சொச்சத்தில் வென்றார். யாரும் எதையும் திருடவில்லை, பெட்டி திறந்த வரிசை அப்படி. விஸ்கான்சினில் மில்வாக்கி நகரத்தின் அஞ்சல் வாக்கு ஒரே இடத்தில் எண்ணப்பட்டு, அங்கே நள்ளிரவு தாண்டி ஒரே கட்டாக வந்து விழும். நமக்கு அது பிற்பகல் அல்லது சாயங்காலம்; கோடு திடீரென்று எகிறினால் காரணம் அதுதான். நோட்டில் முன்கூட்டியே “மில்வாக்கி வரவில்லை” என்று எழுதி வையுங்கள்.

அரிசோனா இதற்கு நேர்மாறு. முன்கூட்டி வந்த அஞ்சல் வாக்கு முதலில் ஏறிவிடும். கடைசி நாளில் ஆட்கள் கையோடு கொண்டுவந்து போட்ட உறைகள் நாள்கணக்கில் இழுக்கும், அவை பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும். 2020இல் அங்கே பைடனின் முன்னிலை கரைந்து கரைந்து 10,457இல் நின்றது. ஆகவே “பின்னால் வருவதெல்லாம் ஜனநாயகக் கட்சிக்கே” என்று ஒரே சூத்திரத்தை எல்லா மாநிலத்துக்கும் போட்டால் அரிசோனாவில் மாட்டிக்கொள்வீர்கள். புளோரிடா வேறு ரகம். 2000இல் 537 வாக்கு வித்தியாசத்தில் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பட்ட அவமானத்துக்குப் பிறகு சட்டத்தை மாற்றி, இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதியை எண்ணிவிடுகிறார்கள்.

மிச்சத்தைக் கணக்கிடுவது இப்படி. முன்னிலை 60,000, எண்ண வேண்டியது 200,000 என்று வையுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 130,000. பின்தங்கியவர் ஜெயிக்க மிச்சத்தில் அதற்கு மேல் வாங்க வேண்டும், அதாவது 65 விழுக்காட்டுக்கு மேல். இப்போது அந்த மிச்சம் எந்தக் கவுண்டியில் என்று பாருங்கள். பிலடெல்பியா என்றால் அங்கே ஜனநாயகக் கட்சிக்கு 80 விழுக்காட்டை ஒட்டி விழும். ஆட்டம் முடியவில்லை, மாறவே வாய்ப்பு. ஈரி கவுண்டி என்றால் பாதிக்குப் பாதிதான் விழும், கதை முடிந்தது. இந்த ஒரு கணக்கு போதும், டிவியில் வரைபடத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறவர்கள் செய்வதில் முக்கால்வாசி இதுதான்.

“95 விழுக்காடு எண்ணியாயிற்று” என்ற வரியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மொத்தம் எவ்வளவு விழுந்திருக்கும் என்ற ஊகத்தின் மேல் போட்ட விழுக்காடு அது. ஊகம் மாறினால் 95 மறுபடி 91 ஆகும். வரைபடத்தின் நிறமும் அப்படித்தான். குடியரசுக் கட்சியைக் காட்டும் பரந்த சிவப்பு நிலத்தில் ஆள் குறைவு. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஒன்றில் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர்.

காலை நேரத்தில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய, சீக்கிரம் எண்ணி முடிக்கும் சில கவுண்டிகளைப் போன முறையோடு ஒப்பிடுங்கள். வர்ஜீனியாவின் லவுடன் நல்ல தேர்வு: 2020இல் பைடனுக்கு 25 விழுக்காட்டுப் புள்ளியை ஒட்டிய வித்தியாசம், 2024இல் ஹாரிஸுக்குப் பதினாறு பதினேழு. காலை ஒன்பதரைக்கெல்லாம் இதைப் பார்த்தவர்களுக்கு அன்றைய நாள் எப்படிப் போகும் என்று புரிந்துவிட்டது. புளோரிடாவின் மயாமி டேட் இன்னும் கண்ணைத் திறக்கும்: 2016இல் கிளிண்டனுக்கு 29 புள்ளி, 2020இல் பைடனுக்கு 7, 2024இல் டிரம்புக்கு 11. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஒட்டுமொத்தமாக ஒரே பக்கம் என்று நினைத்த கணக்கெல்லாம் அங்கே உடைந்தது. ஒப்பிட வேண்டியது கவுண்டி முழுதாக எண்ணப்பட்ட பிறகு மட்டும். முதல் லாரியின் குலை எடையை வைத்து தோட்டத்தின் மாத விளைச்சலைச் சொல்ல முடியாது.

“இந்தக் கவுண்டி யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவர்தான் அதிபர்” என்று சொல்லப்படும் ராசியான கவுண்டிகளை விட்டுவிடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் 1980 முதல் 2020 வரை தவறியதே இல்லை. 2024இல் ஹாரிஸுக்குப் போட்டது. ஒற்றைக் கருத்துக்கணிப்புக்கும் இதே கதிதான். 2024இல் தேர்தலுக்குச் சில நாள் முன்பு வந்த ஓர் அயோவா கணிப்பு ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றது, டிரம்ப் அங்கே 13 புள்ளியில் வென்றார். நம் ஆட்கள் பலர் அந்தக் கணிப்பை நம்பியதற்கு, ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் நடந்த கோயில் பூஜையும் ஒரு காரணம். வேட்பாளரின் தாத்தா ஊர் எது என்பது பென்சில்வேனியாவில் ஓட்டாக மாறுவதில்லை.

இடைக்காலத் தேர்தல், அதாவது அதிபர் பதவி போட்டியில் இல்லாத ஆண்டு, இன்னும் பொறுமை கேட்கும். பிரதிநிதிகள் சபையின் 435 இடமும், செனட்டின் மூன்றில் ஒரு பங்கும் போட்டிக்கு வரும். சபையில் பெரும்பான்மைக்கு 218. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1998, 2002 தவிர ஒவ்வொரு முறையும் அதிபரின் கட்சி சபையில் இடம் இழந்திருக்கிறது. 2010இல் ஒபாமாவின் கட்சி 63 இடம் இழந்தது. ஆகவே “இழந்தார்கள்” என்பது செய்தி இல்லை, எத்தனை என்பதுதான் செய்தி. பெரும்பாலான தொகுதிகள் ஏற்கனவே ஒரு கட்சிக்கு எழுதி வைத்தவை. உண்மையான போட்டி உள்ள இருபதை மட்டும் நோட்டில் எழுதுங்கள்: அயோவா 1 (அதாவது அயோவாவின் 1ஆம் தொகுதி), பென்சில்வேனியா 7, அரிசோனா 6, மிச்சிகன் 7 போன்றவை. டெக்சாஸும் கலிபோர்னியாவும் 2025இல் தொகுதி எல்லையை மாற்றி வரைந்துவிட்டன. அங்கே பழைய பெரும்பான்மையைப் புதிய தொகுதியோடு ஒட்டினால் கணக்கு அபத்தமாகும். எல்லை வரைவதில் நடக்கும் கூத்து நமக்குப் புதிதில்லை. அங்கே பல மாநிலங்களில் ஆளும் கட்சியே பகிரங்கமாகச் செய்கிறது, அதுதான் வித்தியாசம்.

இந்த இடங்களில் அன்றைக்கே முடிவு தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024இல் கலிபோர்னியாவின் 13ஆம் தொகுதி 187 வாக்கில் டிசம்பர் தொடக்கத்தில்தான் தீர்ந்தது. 2020இல் அயோவாவின் 2ஆம் தொகுதிப் பெரும்பான்மை 6 வாக்கு. ஜார்ஜியாவில் யாரும் 50 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் மறுபோட்டி. 2021 ஜனவரி 5இல் செனட்டே அங்கேதான் கை மாறியது.

அந்தக் கட்சிகளை நம் கட்சிகள் மாதிரி நினைத்தால் தேர்தலுக்கு முன்பே தப்புக்கணக்கு தொடங்கிவிடும். இங்கே தலைவர் கையெழுத்துப் போட்ட வத்திக்கா (நியமனக் கடிதம்) இல்லாமல் கட்சி வேட்பாளராக நிற்க முடியாது. அங்கே வேட்பாளரைப் பிரைமரி தேர்தலில் சாதாரண வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; தலைமை முகம் சுளித்தாலும் ஒன்றும் ஆகாது. 2014இல் குடியரசுக் கட்சியின் சபைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேண்டரே தன் கட்சிப் பிரைமரியில் தோற்றார். 2018இல் ஜனநாயகக் கட்சியின் மூத்த சபை உறுப்பினர் ஜோ கிரௌலியை அதே மாதிரி பிரைமரியில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் வீழ்த்தினார். உறுப்பினர்கள் எதிர்க்கட்சியை விடப் பிரைமரி வாக்காளரைக் கண்டு நடுங்குவது இதனால்தான். கட்சி தாவினாலும் இடம் போகாது. 2020இல் கட்சி மாறிய சபை உறுப்பினர் ஜெப் வான் ட்ரூ அதே இடத்தில் தொடர்ந்தார். ஆகவே ஒரு தொகுதியைப் புரிந்துகொள்ள நவம்பர் வரை காத்திருக்காமல், மார்ச் முதல் நடக்கும் பிரைமரி முடிவைப் பாருங்கள்.

“எந்தக் கட்சி வந்தால் நமக்கு நல்லது?” என்ற தேநீர்க் கடைக் கேள்விக்கு நேரடியான பதில் கிடையாது. மலேசியாவும் சேர்ந்திருந்த டிபிபிஏ என்ற பசிபிக் வணிக ஒப்பந்தத்தில் ஒபாமா அரசு 2016 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. அந்த ஆண்டுப் பிரச்சாரத்தில் டிரம்பும் எதிர்த்தார், ஒபாமாவின் கட்சியைச் சேர்ந்த கிளிண்டனும் எதிர்த்தார். மலேசிய நிறுவனங்களான எஃப்ஜிவி, சைம் டார்பி பிளாண்டேஷன் இரண்டின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத்துறை 2020 செப்டம்பரிலும் டிசம்பரிலும் தடை போட்டபோது ஆண்டது டிரம்ப். பைடன் வந்ததும் அது தானாக விலகவில்லை; சைம் டார்பி மீதான தடை 2023 பிப்ரவரியில், தொழிலாளர் நடைமுறைகளைத் திருத்திக் காட்டிய பிறகுதான் நீங்கியது. இறக்குமதி வரியில் ஆள் மாறினால் வேகம் மாறும், அது உண்மை. எண்ணெய்க்குக் கேட்கும் கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

அதிபர் தேர்தலில் புதன்கிழமைக்குப் பிறகும் நாள்கள் இருக்கின்றன. வித்தியாசம் அரை விழுக்காட்டுக்குள் என்றால் பென்சில்வேனியாவிலும் அரிசோனாவிலும் மறு எண்ணிக்கை தானாக நடக்கும். அதில் சில நூறு வாக்கு அசையும், ஆயிரக்கணக்கில் மாறுவது அபூர்வம். தேர்வாளர்கள் டிசம்பர் நடுவில் வாக்களிப்பார்கள், 2028இல் அது டிசம்பர் 19. சபையும் செனட்டும் சேர்ந்த காங்கிரஸ் அவற்றை ஜனவரி 6 அன்று அங்கே பிற்பகல் 1 மணிக்கு எண்ணத் தொடங்கும், நமக்கு 7ஆம் தேதி அதிகாலை 2 மணி. 2022இல் திருத்திய சட்டப்படி, ஆட்சேபம் எழுப்ப இரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு அவைக்கு ஒருவர் போதும். அதற்காகக் கண்விழிக்க வேண்டியதில்லை, காலைச் செய்தியில் பார்த்தால் போதும்.