லெதர் சீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுத்துவிடாதீர்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் ஊர்கள் இருப்பதால், வேலூர்க்காரர்களுக்குத் தோல் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. கடைக்கு வருகிற சீட்டுகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. புல்லட்டுக்கு ஆசையாகத் தோல் சீட் போடுகிறார்கள். நாலைந்து கோடையில் அது வெளுத்து வெடித்ததும், வீட்டிலேயே சரிசெய்கிறேன் என்று இறங்கிவிடுகிறார்கள். அழுக்கோடு சாயம் பூசாதே, ஒரே தடவையில் கெட்டியாக அப்பாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

தோலா, ரெக்சினா என்று பார்க்காமல் தொடங்குவது

பைக்கோடு கம்பெனியிலிருந்து வரும் சீட் பெரும்பாலும் ரெக்சின்தான். அடியில் பின் அடித்த ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். நூல் நெசவு தெரிந்தால் ரெக்சின், பிசிறு பிசிறாக நார் தெரிந்தால் தோல். தோலுக்கான சாயம் ரெக்சினில் இறங்காது, உட்காருகிறவர் பேண்ட்டில்தான் ஏறும்.

தேங்காய் எண்ணெய்

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். தோல் காய்ந்துவிட்டது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! தோல் பதனிடும் டேனரியிலும் தோலுக்கு எண்ணெய் கொடுக்கிறார்களே என்று என்னிடமே வாதாடுவார்கள். கொடுக்கிறார்கள், சரி. ஈரத்தோலை டிரம்மில் போட்டு, தண்ணீரில் கரையும்படி பக்குவம் செய்த எண்ணெயை வெந்நீரோடு சேர்த்துச் சுற்றவிடுவார்கள். அப்போதுதான் அது ஒவ்வொரு நாருக்கும் போய்ச் சேரும். அதற்கு அப்புறம் நிறத்துக்குப் பிக்மென்ட், அதன்மேல் பாதுகாப்புக்கு லாக்கர் என்று பூச்சு ஏறிவிடுகிறது. அந்தப் பூச்சின்மேல் எண்ணெய் தேய்த்தால், வெடிப்பு, தையல் துளை வழியாக மட்டும் இறங்கி அங்கேயே தேங்கும்.

போன மார்கழியில் காட்பாடித் தம்பி ஒருவர் காலையிலேயே சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். பழுப்புத் தோலில் வெடிப்புதோறும் வெள்ளைக் கோடு. பூஞ்சை என்று நினைத்து வினிகரால் வேறு துடைத்திருக்கிறார். நகத்தால் சுரண்டினேன். மெழுகாக வந்தது, விரல் சூட்டில் உருகியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடுமே. "வெயில் காலம் பூரா வாரா வாரம் விட்டேண்ணா" என்றார். தையல் துளை வழியாக ஃபோம் வரை இறங்கி, பசையே இளகிப்போயிருந்தது. போதாததற்கு அதன்மேல் சாயமும் பூசியிருந்தார். மாஸ்கிங் டேப்பை ஒட்டி உரித்தேன், சாயம் மொத்தமும் டேப்போடு வந்துவிட்டது.

கொஞ்சமாகப் பட்ட எண்ணெய் என்றால் சோளமாவைத் தடிமனாகத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். தட்டிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால், துணியில் எண்ணெய்ப் பசை ஏறுவது நிற்கும் வரை துடையுங்கள். ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான். மாதக்கணக்கில் ஊறியது போகாது, அந்தத் துண்டைப் பிரித்துப் புதுத் தோல்தான் தைக்க வேண்டும். தம்பிக்கு ஃபோமும் சேர்த்து மாற்றினோம். வெறும் வெடிப்போடு வந்திருந்தால் வெடிப்பை அடைக்கும் ஃபில்லரும் சாயமுமாக முடிந்திருக்கும்.

டாஷ்போர்டுக்குத் தேய்க்கும் சிலிகான் பாலிஷும் இதே ரகம். சாயத்தை ஒட்டவிடாது.

தின்னர்

வேண்டாம்.

கம்பி நாரால் தேய்ப்பது

மரப்பட்டை, கடுக்காய்ச் சத்தில் பதனிட்ட தோலாக இருந்தால், இரும்புத் துகள் ஈரத்தோடு பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இப்படித்தான். 600 நம்பர் உப்புத்தாளை லேசாக ஓட்டினால் போதும். துருப்பிடித்த பழைய பின்னைத் திரும்ப அடிக்காதீர்கள், அதுவும் இரும்புதான்.

கத்திரி வெயிலில் காயவைப்பது

நிழலில் வையுங்கள். அவ்வளவுதான்.

தையல் பிரிந்த இடத்தில் மெஷின் ஓட்டுவது

பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை விழுந்தால் தோல் தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும், ஆள் ஏறி உட்கார்ந்ததும் கிழியும். பழைய துளைகளிலேயே கையால் தையுங்கள். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் மழையில் மக்கிவிடும். உள்பக்கம் தையல் நெடுக நீர்புகா டேப் ஒட்டிவிட்டால் ஃபோம் நனையாது.