கொழுக்குமலை விடியலைப் படம் எடுப்பது எப்படி? புதியவர்களுக்குப் படிப்படியாக

மலைக்குக் கேமராவோடு போகும் புதியவர்கள் பலரும் கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே படத்தில் அடக்கப் பார்க்கிறார்கள். நேரில் மலைக்க வைத்த சிகரம் படத்தில் சின்ன மேடாகிவிடும். வானம் எவ்வளவு, மலை எவ்வளவு என்று முடிவு செய்யாமல் பொத்தானை அழுத்துவதுதான் காரணம்.

கொழுக்குமலையை வைத்தே சொல்கிறேன். ஊர் தேனி மாவட்டத்தில், ஜீப் பாதை மட்டும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. கிழக்கே மலை சட்டென்று இறங்கி போடி சமவெளி விரிவதால், பல காலைகளில் மேகம் நம் காலுக்குக் கீழே கிடக்கும்.

1. திசையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழும், ஜூனில் வடகிழக்கில். ஒரே பாறை முனை இந்த இரு மாதங்களிலும் வெவ்வேறு விதமான படம் தரும். ஜனவரியில் சூரியன் தலைகாட்ட ஆறரை தாண்டிவிடும். நீங்கள் முக்கால் மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் நல்ல நிறங்களில் பாதி சூரியன் வருவதற்கு முன்பே வந்து போய்விடும்.

2. வானத்துக்கு எவ்வளவு இடம்?

மேகம் திரண்டு, கீழ்ப்பக்கம் சிவக்கத் தொடங்கினால் படத்தில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்கே கொடுங்கள். துடைத்துவிட்டாற்போல் வெறும் வானமா? மேலே ஒரு கீற்று போதும், மீதி முழுக்க மலைக்கு. பாதிக்குப் பாதி வைத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

3. மலை அடுக்குகளைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். தூரம் கூடக் கூட இடையிலுள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால், பக்கத்து முகடு கருநீலம், அடுத்தது சாம்பல் நீலம், கடைசி முகடு வானத்தோடு கரைந்தே போகும். சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து எடுத்தால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அகலமான லென்ஸ் இங்கே உதவாது. தொலைவை அருகில் காட்டும் 70 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸால் நான்கைந்து முகடுகளை மட்டும் வெட்டி எடுங்கள். மொபைலில் மூன்று மடங்கு பெரிதாக்கும் 3 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதுவே போதும்.

அகல லென்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால், முன்னால் வலுவாக ஏதாவது வேண்டும்: அங்குள்ள சிங்கப்பாறையின் விளிம்பு, தேயிலை வரிசை, நிற்கும் ஒரு ஆள். ஆளை நிறுத்துகிறேன் என்று யாரையும் பாறை நுனிக்கு அனுப்பாதீர்கள். அங்கே காற்று திடீரென்று தள்ளும்.

4. கேமரா அமைப்பு

டிரைபாட் (முக்காலி), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 முதல் எஃப் 11 வரை, இரண்டு விநாடி டைமர். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் விடியலின் செம்மையைக் கேமரா சரிசெய்கிறேன் என்று குறைத்துவிடக்கூடும், அதனால் பகல் ஒளிக்கு மாற்றிவிடுங்கள். சரி, வானம் வெளிறிப்போகிறதா? படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) குறையுங்கள். நிழலை ராவில் ஓரளவு மீட்கலாம், வெளுத்த வானத்தை மீட்க முடியாது. மொபைலில் வெளிச்சமான வானத்தைத் தொட்டு, கூடவே வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

5. திரும்பிப் பாருங்கள்

எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் வருவதற்குச் சற்று முன், மேற்கு வானம் தெளிவாக இருந்தால் அடிவானத்தில் நீலச் சாம்பல் பட்டை ஒன்றும், அதன் மேல் ரோஜா நிறப் பட்டை ஒன்றும் தெரியும். கீழே இருப்பது பூமியின் நிழல். பிறகு, உங்களுக்கு வடமேற்கே 2,640 மீட்டர் உயர மீசைப்புலிமலையின் தலையில் முதல் வெயில் சிவப்பாக விழும். சில நிமிடங்களில் அது மஞ்சளாகிவிடும், முதலில் அதை எடுங்கள்.

6. வெயில் ஏறியதும்

சூரியன் சற்று மேலே வந்தபின் வடக்கே அல்லது தெற்கே திரும்புங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மலையின் மடிப்பும் தேயிலைச் சரிவின் கோடுகளும் நிழலோடு எழுந்து நிற்கும். வானத்தின் நீலத்தை அழுத்தமாக்கும் போலரைசர் வடிகட்டியை லென்ஸில் போட வேண்டிய நேரமும் இதுதான். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது நன்றாக வேலை செய்யும். அகல லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குகளை எடுக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், நமக்கு வேண்டிய மென்பனியையே அது குறைத்துவிடும்.