சென்னையில் பிஎம்டபிள்யூ என்52 வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினைப் பேணுவது எப்படி

2007 மார்ச்சில் சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை திறக்கப்பட்டு, 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்கள் அங்கே பாகங்களிலிருந்து ஒன்றுசேர்க்கப்படத் தொடங்கின. அவற்றுள் ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார்கள் சிலவற்றில் இருந்ததுதான் என்52 இன்ஜின். அந்தக் கார்கள் இன்று பழைய கார் சந்தையில் ஒரு புதிய சிறிய காரின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. வாங்குபவர்களில் ஒரு சாரார் செலவுக்கு அஞ்சி எதையும் தொடுவதில்லை. மறுசாரார் எந்தப் பட்டறையில் விட்டாலும் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். என் அனுபவத்தில் இந்த இன்ஜினுக்கு இரண்டாமவர்களால்தான் கேடு அதிகம்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. ஆறு சிலிண்டர்களும் ஒரே நேர்கோட்டில் நிற்க, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் கைகள் 120 பாகை இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் என்று பிஸ்டன்கள் இணை இணையாக ஏறி இறங்குகின்றன. நான்கு சிலிண்டர் இன்ஜினில் சுழற்சிக்கு இருமுறை எழும் அதிர்வு மிஞ்சி நிற்கும். அதை அடக்கத் தனியாகச் சமன் தண்டுகள் பொருத்துவதும் உண்டு. வரிசை ஆறில் அந்த விசைகள் தம்மைத் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. சிலிண்டர்களில் பெட்ரோல் எரியும் வரிசை 1-5-3-6-2-4. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங்கிற்குப் பெல்ட் இல்லை, செயின்தான். ஆயிலைக் காலத்தில் மாற்றி வந்தால் அந்தச் செயின் நெடுநாள் உழைக்கும்.

2004-ல் அறிமுகமான என்52-ன் தனிச்சிறப்பு அதன் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல். சிலிண்டர்களும் அவற்றைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் அறைகளும் அலுமினியம். அதை மூடி வார்க்கப்பட்ட வெளிப்புறம் மக்னீசியம். மூன்று லிட்டர் வகையின் மொத்த எடையே சுமார் 161 கிலோதான். ஆனால் மக்னீசியம் எளிதில் அரிக்கும் உலோகம். எஃகு அதைத் தொட்டுக்கொண்டிருக்க, இடையே உப்பு கலந்த ஈரமும் சேர்ந்தால், ஒரு பேட்டரியில் நடப்பதைப் போன்ற மின்வேதி வினை தொடங்கி, மக்னீசியம் தின்னப்பட்டுவிடும். அதனால்தான் இந்த பிளாக்கில் இறங்கும் போல்ட்டுகளை அலுமினியத்தில் செய்து, அடையாளத்துக்கு நீலம் பூசினார்கள். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ ஜன்னல் கம்பி எத்தனை மழைக்காலம் தாங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆகவே எந்த வேலைக்குக் காரை விட்டாலும் முதல் விதி போல்ட்டைப் பற்றியது. அலுமினிய போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. முறுக்கும்போதே சற்று நீளும்படி செய்யப்பட்டவை என்பதால், கழற்றியதையே மீண்டும் போட்டால் தலை முறிந்து உடல் உள்ளே தங்கிவிடும். புதியவற்றை முறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, சர்வீஸ் கையேடு சொல்லும் முறுக்கத்துக்கும் அதன்பின் சொல்லும் கோணத்துக்கும் மட்டுமே இறுக்க வேண்டும். ஒரு பட்டறையில் என் காருக்குக் கைக்குக் கிடைத்த எஃகு போல்ட்டைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கழற்றியபோது மரையோடு வெள்ளைப் பொடியும் கொட்டியது. அதிலிருந்து சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருக்கிறேன். மக்னீசியத்தில் இறங்க வேண்டிய போல்ட்டில் அது ஒட்டினால், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்.

அடுத்தது கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப். இதைப் பெல்ட் சுழற்றுவதில்லை. மின்மோட்டார் ஒன்று தேவைக்கேற்ற வேகத்தில் சுழற்றுகிறது. ஓ.எம்.ஆரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊரும்போது இது பெரிய வசதி. குறை என்னவென்றால், பழைய பம்ப்பைப் போலக் கசிந்தோ கத்தியோ முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் நின்றுவிடும். 3 சீரிஸ் டாஷ்போர்டில் கூலன்ட் வெப்பமானியும் கிடையாது. எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அது மஞ்சளாக எரிந்தாலே ஏசியை அணைத்து ஓரங்கட்ட வேண்டும். சிவப்பாக எரிந்தால் நின்ற இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும். 'வீடு இன்னும் இரண்டு சிக்னல்தானே' என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும். பழுதாகும்வரை காத்திராமல், ஒரு லட்சம் கிலோமீட்டரிலோ பத்து ஆண்டிலோ, எது முந்துகிறதோ அப்போது, பம்ப்பையும், வெப்பத்துக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றுவது என் பரிந்துரை. வேலை காருக்கு அடியிலிருந்து செய்வது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதற்காக மறுபடி கூலன்ட்டை வடிப்பது வீண் கூலி. புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் பழையதாக வாங்கலாம், இந்தப் பம்ப்பை வாங்கக் கூடாது.

மாற்றியபின் காற்றை வெளியேற்றுவதிலும் தனிமுறை உண்டு. பிஎம்டபிள்யூ கூலன்ட்டுடன் காய்ச்சி வடித்த நீரைச் சரிபாதி கலந்து நிரப்பி, பேட்டரிக்குச் சார்ஜர் இணைத்து, இன்ஜினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட வேண்டும். ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் விசிறியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்ஸிலேட்டரைத் தரைவரை பத்து விநாடி மிதித்து விட்டால், பம்ப் சுமார் 12 நிமிடம் தானாக ஓடிக் காற்றைத் தள்ளும். அது முடிந்தபின் எவ்வளவு கூலன்ட் குறைந்திருக்கிறதோ அதை நிரப்ப வேண்டும். போர்வெல் நீரைக் கலப்பவர்கள் ரேடியேட்டருக்குள் உப்புப் படிய வழிசெய்கிறார்கள்.

ஆயில் கசிவு இந்த இன்ஜினின் இன்னொரு குணம். மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: ஆயில் ஃபில்டர் ஹவுசிங், வால்வு கவர், ஆயில் தேங்கும் அடித்தொட்டி. மூன்றிலும் இணைப்பைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கட் வெப்பத்தில் இறுகிக் கல்லாகிவிடுவதே காரணம். முதலாவதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. அங்கிருந்து வழியும் ஆயில், கீழே ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் பெல்ட்டில் விழுந்து, பெல்ட் நழுவிப் பிய்ந்து, அதன் நார் கிராங்க் தண்டின் முன் சீலுக்குள் இழுக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. கேஸ்கட் மலிவு, தவறினால் வரும் செலவு இன்ஜினைப் பிரிக்கும் செலவு. அடித்தொட்டிக் கசிவு சொட்டாமல் ஈரமாக மட்டும் இருந்தால், இன்ஜினைத் தாங்கும் முன் சப்ஃபிரேமை இறக்கும் அளவுக்கு அவசரம் இல்லை.

ஆயில் கொள்ளளவு 6.5 லிட்டர், பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-01 தரச்சான்று பெற்ற 5டபிள்யூ-30 போதும். ஐரோப்பியக் கணக்கில் கார் 25,000 கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றச் சொல்லிக் கேட்காது. கத்திரி வெயிலில் ஏசியோடு நின்று நின்று ஓடும் ஊரில் அதை நம்பாமல் 8,000 கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கு ஒருமுறையோ மாற்றுவது தகும். ஃபில்டர் மூடியையும் வடிகால் போல்ட்டையும் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் போதும். அளவுக்கம்பி இல்லாத கார் என்பதால், இன்ஜின் சூடானபின் திரையிலேயே அளவைப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சத்துக்கும் ஒரு லிட்டர் வித்தியாசம். தொடக்கத் தயாரிப்புகளில் குறுந்தூரம் மட்டுமே ஓடிய இன்ஜின்களில், வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் டிக்டிக் என்று ஒலிக்கும். அடையாறிலிருந்து தி.நகர் வரை மட்டும் போய்வரும் காரை வாரம் ஒருமுறை மாமல்லபுரம் வரை ஓட்டிவருவது அதற்குக் கைகொடுக்கும். ஸ்பார்க் பிளக்குகளை ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் 95 ஆக்டேன் என்றால் நிம்மதி.

கடைசியாக மழை. வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துவதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்குத் தரைத்தளப் பார்க்கிங் முழுகிய அனுபவம் இருக்காது. காற்று உள்ளிழுக்கும் வாய் ரேடியேட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தாலும், தேங்கிய நீரில் வேகமாகப் போனால் எழும் அலை அதுவரை எட்டும். முழுகி நின்ற காரில் ஸ்டார்ட் பொத்தானைத் தொடவே கூடாது. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, இழுத்துச் சென்று, பிளக்குகளைக் கழற்றி, கிராங்க்கைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றி, ஆயில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் அடுத்த பேச்சு. சக்கரத்தளவு நீரில் நின்ற காரிலும், தாழ்வாக அமைந்த வாட்டர் பம்ப்பின் மின் இணைப்பைக் கழற்றி, உலர்த்தி, பச்சை படிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.