காலை 8.30க்குத் தாலி: கல்யாண நாளைப் பின்னாலிருந்து திட்டமிடுவது எப்படி?

என் தங்கை கல்யாணத்தில், தாலி கட்டும்போது உடுத்தும் கூரைப் புடவைக்கு மாற்ற அவளை அறைக்கு அழைத்துக்கொண்டு போனோம். அறை பூட்டியிருந்தது. சாவி சித்தப்பாவிடம், சித்தப்பா பந்தியில். ஓடிப்போய்க் கேட்ட பையனிடம், “ரசம் வந்துடட்டுமே” என்றாராம். மேடையில் ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிக்கிறார். தாலி ஏறியபோது முகூர்த்தம் முடிய நாலே நிமிஷம். அதற்கப்புறம் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பேப்பரும் பேனாவும் என் கைக்கு வந்துவிடுகின்றன.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் மண்டபத்தில், ஐயர் வைத்து நடக்கும் காலைக் கல்யாணத்துக்கு. சடங்குகளின் வரிசை ஒவ்வொரு சமூகத்திலும் கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டு வழக்கத்தை ஒரு பாட்டியிடமும் ஐயரிடமும் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

முதல் படி: தாலி நேரத்திலிருந்து பின்னால் எண்ணுங்கள்

எல்லோரும் “காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது?” என்று ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் 7.30 முதல் 9.00 வரை என்று வைத்துக்கொள்வோம். தாலிக்கு 8.30 என்று குறியுங்கள். மிச்சம் அரை மணி நேரம் சித்தப்பாக்களுக்கு.

8.30க்குத் தாலி என்றால் 8.20க்குப் பெண் கூரைப் புடவையில் மணவறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். புடவை மாற்ற 20 நிமிஷம், ஆக 8.00 மணிக்குப் புடவைத் தட்டு அவள் கைக்கு வரவேண்டும். 7.30க்கு முதல் முறை மணவறையில் உட்கார வேண்டும். அதற்கு முன் போட்டோவுக்கு அரை மணி, புடவை கட்ட அரை மணி, தலை அலங்காரத்துக்கு முக்கால் மணி, முகத்துக்கு ஒரு மணி. எண்ணிப் பாருங்கள்: 4.45க்கு மேக்கப் நாற்காலியில் உட்கார வேண்டும். குளியல், ஒரு டம்ளர் காபி எல்லாம் சேர்த்தால் 4 மணிக்கே விழிப்பு.

இப்போது புரியும், முந்தின இரவு வரவேற்புதான் பெரிய திருடன் என்று. மேடையில் வரிசை நிற்கும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டே இருப்பார்கள். 9.30க்கு இருவரையும் இறக்கிச் சாப்பிட அனுப்ப, பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சின்னவர்கள் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

(சுயமரியாதைத் திருமணம் என்றால் ஓமமும் கூரைப் புடவையும் இல்லை, பாதி வேலை மிச்சம் என்று நினைக்காதீர்கள். வாழ்த்துரை இருக்கிறது. ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்று திட்டமிட்டால் பதினைந்து என்று எழுதிக்கொள்ளுங்கள்.)

இரண்டாம் படி: இரண்டு புடவை, ஒரு ரவிக்கை

புடவை எடுக்கும்போது நிறத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் எடையையும் பாருங்கள். நல்ல ஜரிகை போட்ட காஞ்சிபுரம் பட்டு முக்கால் கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஒட்டியாணம், மாலை எல்லாம் ஏறியபின் அதோடு மூன்று மணி நேரம் சம்மணம் போட்டு உட்காருவது வேறு விஷயம். கடையில் நின்று பார்ப்பதோடு விடாமல், தோளில் போட்டு ஒரு முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

மணவறைக்கு முதலில் கட்டிவரும் முகூர்த்தப் புடவைக்கும் கூரைப் புடவைக்கும் ஒரே ரவிக்கை பொருந்துகிற மாதிரி நிறம் எடுத்தால் பத்து நிமிஷம் மிச்சம். எனக்குத் தெரிந்து இந்த ஒரு யோசனைக்குத்தான் எல்லா மணப்பெண்களும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். முடியாவிட்டால், இரண்டாவது ரவிக்கை முன்பக்கம் ஹூக் வைத்ததாக இருக்கட்டும். பூ ஜடையோடு தலை வழியாக எதையும் கழற்ற முடியாது.

கூரைப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, மடிப்பு எடுத்து அயர்ன் செய்து பின் குத்தி வைத்துவிடுங்கள். ஆனால் அந்தப் புடவை தட்டில் சபையைச் சுற்றி வரும். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். ஆசையாக முந்தானையைப் பிரித்துப் பார்க்கும் ஒரு அத்தை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தட்டோடு கூடவே ஒருவர் போகட்டும், “பிரிக்காதீங்க அத்தை” என்று சொல்ல. புதுப் புடவை ஓரத்தில் மஞ்சள் வைக்கும் வழக்கம் இருந்தால், உள்ளே சொருகும் முனையில் காய்ந்த விரலால் ஒரு பொட்டு போதும். ஈர மஞ்சள் வெளிர்நிறப் பட்டில் இறங்கினால் போகாது.

மூன்றாம் படி: பூ

மல்லிகைக்குத் தனி மனசு. காலையில் மொட்டாகப் பறிப்பது அன்று சாயங்காலம் மலர்ந்துவிடும். அதனால் முகூர்த்தத்துக்கு வேண்டிய சரத்தை முந்தின நாள் மதியமே வாங்கி வைத்தால், மறுநாள் காலை தலையில் பழுப்பேறி நிற்கும். இரவு தாமதமாகவோ விடியற்காலையிலோ கொண்டுவரச் சொல்லுங்கள். வந்ததும் ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி வாழை இலைக்குள் வையுங்கள். மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா வேண்டாம், வேர்த்துவிடும்.

தை மாசக் கல்யாணமா? பனியில் மல்லி வரத்து குறைந்து, விலை கிலோ ஆயிரங்களில் போகும். முகூர்த்த நாள் என்றால் இன்னும் ஏறும். பெண்ணின் ஜடைக்கு மட்டும் மல்லி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கக் காக்கடாவோ முல்லையோ சொல்லிவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பரவாயில்லை.

பூ ஜடை தைக்கக் கொடுக்கும்போது கழுத்தடியிலிருந்து எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்து சொல்லுங்கள். “இடுப்பு வரைக்கும்” என்பது அளவு ஆகாது. மாலை விஷயத்தில் என் கருத்து ஒன்று உண்டு: தொடை தடிமனுக்குக் கட்டிய மாலை, அறுபதாயிரம் ரூபாய்ப் புடவையையும் காசுமாலையையும் ஒருசேர மறைத்துவிடும். மெலிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

நான்காம் படி: முகமும் கையும்

மருதாணியை இரண்டு நாள் முன்னால் இடுங்கள். கழுவியதும் ஆரஞ்சாக இருக்கிறதே என்று பதறவேண்டாம், நன்றாகச் சிவக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

மேக்கப் டிரையலை ஏசி அறையில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஓமம் வளர்க்கும்போது நெருப்பு அலையாமல் இருக்க மேடை ஃபேனை நிறுத்திவிடுவார்கள். புகை, வீடியோ விளக்கு, பட்டு எல்லாம் சேர்ந்தால் வேர்த்துக் கொட்டும். டிரையல் போட்டுக்கொண்டு வீட்டு அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கண் மை கரையவில்லை என்றால் சரி. அன்றைக்கு மணவறைக்குப் பின்னால் டிஷ்யூவோடு ஒரு தோழி உட்கார்ந்திருக்கட்டும். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: யார் கையில் என்ன

ஒரே ஒரு தாளில் பெயரும் பொருளும் எழுதி, போட்டோ எடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அறைச் சாவி யாரிடம் (அவர் முதல் பந்தியில் உட்காரக் கூடாது), தாலித் தட்டு யாரிடம், மெட்டி எங்கே, மொய் எழுத யார், தட்சணைக்குச் சில்லறை யாரிடம், கெட்டிமேளத்துக்கு ஐயர் விரலை ஆட்டும்போது நாதஸ்வரக்காரர் பார்வையை மறைக்காமல் வீடியோக்காரரை நகர்த்துவது யார். பெண்ணின் அப்பா அம்மா பெயர் இந்தத் தாளில் எங்குமே வரக் கூடாது. அவர்களுக்கு வாசலில் நின்று கும்பிடவே நேரம் போதாது.

அவசரப் பை ஒன்று: ஊசி நூல், சேஃப்டி பின், ஹேர்பின், பொட்டு, தலைவலி மாத்திரை, ஸ்ட்ரா. ஸ்ட்ரா எதற்கு என்றால், லிப்ஸ்டிக் கலையாமல் தண்ணீர் குடிக்க.

ஆறாம் படி: மண்டபத்தைக் காலி செய்யும் முன்

அறை, குளியலறைக் கொக்கி, கட்டிலடி மூன்றையும் பாருங்கள். கழற்றிய நகையைப் பட்டியலோடு சரிபார்த்து அங்கேயே பெட்டியில் பூட்டுங்கள். அழைப்பிதழில் நாலைந்தை எடுத்துத் தனியாக வையுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே கேட்பார்கள், அப்போது வீட்டில் ஒன்றுகூட மிச்சம் இருக்காது.