கர்ப்பப்பை ஃப்ரோசன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பிஜி (முதுநிலை மாணவர்) பேட்ச் வந்து சேர்ந்ததும் எங்கள் லேபில் பழைய கூத்தெல்லாம் மறுபடி ஆரம்பமாகிவிடும். தியேட்டரில் புதிதாகக் கத்தி பிடிக்கிற மகப்பேறு டாக்டர்களும் சரி, இந்தப் பக்கம் திசுவை உறைய வைத்துச் சீவும் கிரையோஸ்டாட் மெஷினின் சக்கரத்தைச் சுற்றுகிற பேத்தாலஜி (திசு ஆய்வு) பிள்ளைகளும் சரி, நாங்கள் படிக்கும்போது எங்கே தடுக்கி விழுந்தோமோ சரியாக அங்கேயே வந்து விழுகிறார்கள். புதுச்சேரியில் உட்கார்ந்து கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்துக் கர்ப்பப்பைகளைப் பார்க்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு: நோயாளி மேஜையில் இருக்கும்போதே திசுவை மைனஸ் 20, 25 டிகிரியில் உறைய வைத்து, 5 மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தியேட்டருக்குப் பதில் சொல்வதுதான் ஃப்ரோசன். ஒரு பிளாக் (உறைய வைக்கிற ஒரு திசுத் துண்டு) என்றால் 20 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. 1905-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயி வில்சன் என்ற பேத்தாலஜிஸ்ட் இதற்கு வழி கண்டார். ஜன்னலுக்கு வெளியே இருந்த பனிக்குளிரில் திசுவை உறைய வைத்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே அக்னி நட்சத்திரத்தில், தியேட்டரிலிருந்து லேபுக்கு நடந்து வருவதற்குள்ளேயே திசு காய ஆரம்பித்துவிடும்.

திசுவைப் பதப்படுத்துகிற ஃபார்மலினில் போட்டு அனுப்பாதீர்கள், டப்பாவில் பேர் எழுதுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர்களுக்கு உங்கள் தியேட்டர் சிஸ்டரே பாடம் எடுப்பார்.

பயாப்ஸியைத் தள்ளிப்போட்டு ஃப்ரோசனை நம்புவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இது.

கொஞ்ச நாள் முன்பு நடந்தது. பண்ருட்டிப் பக்கத்து அம்மா, வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனபிறகு மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, உடம்பும் கனம். ஸ்கேனில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது. உள்வரிச் சவ்வு தடித்திருப்பதாகவும் அதே ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது. படித்தவர்கள் நார்க்கட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘கட்டி இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்’ என்று சொல்லி தேதி குறித்தாயிற்று.

எடுத்த கர்ப்பப்பையை தியேட்டரிலேயே திறந்து பார்த்தால், உள்ளே காலிஃப்ளவர் மாதிரி வளர்ச்சி. அப்போதுதான் எனக்கு போன் வருகிறது. “மேடம், ஒரு ஃப்ரோசன் அனுப்புறோம். கேன்சரா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க.” அந்த ஆஸ்பத்திரியில் கிரையோஸ்டாட் கிடையாது. அந்த அம்மாவின் மருமகன் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அரியாங்குப்பம் நெரிசலையெல்லாம் தாண்டி வந்து சேர்ந்தார். பெட்டியில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. கவர் ஓட்டையாகி திசு ஊறிப்போயிருந்தது. ஊறிய திசுவை உறைய வைத்தால் உள்ளே ஐஸ் படிகம் கட்டி, செல்லுக்குச் செல் ஓட்டை விழுந்துவிடும். “சீக்கிரம் பாருங்கம்மா, அத்தை இன்னும் டேபிள்லதான் இருக்காங்க” என்று அவர் சொன்னபோது, முதுகில் போட்ட மயக்க ஊசி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

கேன்சர்தான். அதிலும் கிரேடு மூன்று (செல்கள் மிக மோசமாக மாறிய தீவிர வகை), தசைச் சுவரில் பாதியைத் தாண்டி இறங்கியிருந்தது. பதிலைச் சொன்னேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அங்கே இருந்த சர்ஜன் என்ன செய்ய முடியும்? இடுப்பு நெறிக்கட்டிகளை எடுக்கப் பழகியவர் இல்லை, அதற்கான ரத்தம் ஏற்பாடு செய்யவில்லை, குடும்பத்தாரிடம் அந்த அளவுக்கு ஒப்புதல் வாங்கவுமில்லை. வயிற்றை மூடி அனுப்பிவைத்தார். அப்புறம் அந்த அம்மா கேன்சர் மருத்துவமனையில் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாவது மயக்கம், இரண்டாவது தழும்பு.

இத்தனையும் ஓபியில் சில நிமிட வேலையில் தவிர்ந்திருக்கும். உள்வரித் திசுவை உறிஞ்சி எடுக்கிற பைப்பெல் என்கிற மெல்லிய குழாய்க்கு மயக்கம் வேண்டாம், தியேட்டர் வேண்டாம். அதில் போதுமான திசு வராவிட்டால் ஹிஸ்டெரோஸ்கோப்பியோ (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) டி அண்ட் சியோ (உள்வரியைச் சுரண்டி எடுப்பது) செய்யலாம். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டு, ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்ஸி. சவ்வு மெலிசாக இருந்தும் ரத்தம் நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தால் அப்போதும் பயாப்ஸி. மெலிந்த சவ்விலும் சீரஸ் என்கிற தீவிர வகைக் கேன்சர் ஒளிந்திருக்கும்.

கொஞ்சம் சாமர்த்தியமானவர்கள் வேறொன்று கேட்பார்கள். “டேபிள்லயே டி அண்ட் சி பண்ணி அதை ஃப்ரோசன் அனுப்பறோம், ஒரே மயக்கத்துல முடிச்சிடலாமே மேடம்?” முடிக்க முடியாது. சுரண்டி எடுத்தது ரத்தமும் சளியும் கலந்த துணுக்கு. உறைய வைத்தால் பாதி ஐஸ், சீவினால் மீதியும் போய்விடும். அப்புறம் முறையாகப் பார்ப்பதற்கு என் கையில் எதுவும் இருக்காது. அதோடு, வெறும் சவ்வுத் தடிப்பா, செல் மாறிய தடிப்பா, முதல் கிரேடு கேன்சரா என்பதை மெழுகில் பதித்து நிதானமாகச் செய்த நல்ல பாரஃபின் ஸ்லைடில் பார்த்தாலே எங்களுக்குள் வாக்குவாதம் வரும். ஓட்டை விழுந்த ஃப்ரோசன் ஸ்லைடில் அடித்துச் சொல்கிற ஆளை நான் நம்பமாட்டேன்.

செல் மாறிய தடிப்பு என்று முன்பே ரிப்போர்ட் இருந்தால் கதை வேறு. 2006-இல் வெளியான அமெரிக்க ஜிஓஜி (பெண்கள் கேன்சர் ஆய்வுக் குழு) ஆய்வில், அப்படி ரிப்போர்ட் வந்தவர்களின் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்தபோது நூற்றில் சுமார் 43 பேருக்குக் கேன்சரே இருந்தது. அந்த இடத்தில் முழுக் கர்ப்பப்பையை ஃப்ரோசனுக்கு அனுப்புவதில் அர்த்தம் உண்டு. கேன்சர் என்று உறுதியானவர்களுக்கும் அப்படித்தான். எவ்வளவு ஆழம், எவ்வளவு பெரிது, எந்த கிரேடு, நெறிக்கட்டி எடுக்க வேண்டுமா என்பவைதான் ஃப்ரோசனிடம் கேட்க வேண்டியவை. கிரேடு ஒன்றோ இரண்டோ, பாதிச் சுவருக்குள், 2 சென்டிமீட்டருக்குள் என்றால் நெறிக்கட்டிகளை விட்டுவிடலாம் என்ற மேயோ கணக்கு அப்படிப் பிறந்ததுதான். சந்தேகத்துக்கே பயாப்ஸி எடுக்காமல் நேராக இங்கே வருவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஆர்வத்தில் கர்ப்பப்பையைக் கண்டபடி வெட்டுவது

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் கட்டியின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக நாலு வெட்டு விழுந்துவிட்டால், சவ்வும் தசையும் சேரும் கோடு எங்கே இருந்தது என்று நான் எதை வைத்து அளப்பேன்? வெட்டிய ஓரம் சுருங்கி வெளிப்பக்கம் மடிந்துகொள்ளும், ஆழம் தப்பாகும். முழுதாக, உடனே, உலராமல் அனுப்புங்கள். நாங்கள் இரண்டு பக்கவாட்டிலும் திறந்து, முன்பாதி பின்பாதியாகப் பிரித்து, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டு போட்டுக்கொள்வோம்.

பேத்தாலஜி பிள்ளைகளுக்கு: எது முன்பக்கம் என்று தெரியாமல் கத்தியை எடுக்காதீர்கள். வயிற்றறைச் சவ்வு பின்பக்கம்தான் அதிகம் கீழே இறங்கும். ரவுண்ட் லிகமென்ட் (கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் தசைநார்) டியூபுக்கு (கருக்குழாய்க்கு) முன்னால் இருக்கும்.

ஒரே பிளாக்கோடு நிறுத்துவது

கண்ணுக்கு ஆழமாகத் தெரிகிற இடத்தைத் தேடி எடுங்கள். எடுக்க வசதியான இடம் பெரும்பாலும் அதுவாக இருக்காது.

அடினோமயோசிஸைப் படையெடுப்பு என்று எண்ணுவது

நம் பெண்களின் கர்ப்பப்பையில் அடினோமயோசிஸ், அதாவது உள்வரிச் சவ்வு தசைக்குள் புதைந்து கிடப்பது, சர்வசாதாரணம். தசைக்குள் ஏற்கெனவே புதைந்திருக்கும் சவ்வுத் திட்டுக்குள் கேன்சர் பரவியிருந்தால், அந்தத் திட்டு எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அதைத் தசைக்குள் இறங்கிய ஆழமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திட்டின் விளிம்பு மழுமழுவென்று இருக்கிறதா, சுற்றிலும் சவ்வின் ஸ்ட்ரோமா (சுரப்பிகளைத் தாங்கும் திசு) தெரிகிறதா, பக்கத்தில் நல்ல சுரப்பி ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கேன்சர் நேராகத் தசைக்குள் நுழைந்திருந்தால் விளிம்பு பிய்ந்திருக்கும், சுற்றுத் தசையும் அதற்கேற்ப மாறியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் ஏமாற்று, மெல்ஃப் (MELF) என்று பெயர் வைத்த ஊடுருவல் வகை. நீண்டு நசுங்கிய சின்னச் சுரப்பிகள் ரத்தக் குழாய் போலவே உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும், ஆழம் குறைவாகப் பதிவாகும். டியூப் தொடங்கும் மூலையில் சுவரே மெலிசு என்பதால் அங்கே அளக்கும்போது இரண்டு முறை யோசியுங்கள். நார்க்கட்டியின் கனத்தைச் சுவரின் கனத்தோடு கூட்டவும் வேண்டாம்.

சென்டினல் நெறிக்கட்டியையும் சேர்த்து உறைய வைப்பது

வேண்டாம். சென்டினல் என்பது கட்டியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி; பச்சைச் சாயத்தில் ஒளிர்ந்த அதைத் தேடி எடுத்துவிட்டு, அதைச் சீவியே தீர்த்துவிட்டால் அல்ட்ராஸ்டேஜிங் (அடுக்கடுக்காகச் சீவிச் சின்னப் பரவலைத் தேடும் சோதனை) எதில் செய்வது?

‘இப்போது சொல்ல முடியாது’ என்று சொல்லக் கூச்சப்படுவது

அதுவும் ஒரு ரிப்போர்ட்தான். போனிலேயே சொல்லுங்கள், சொன்ன நேரத்தை எழுதி வையுங்கள்.

ஃப்ரோசனைக் கடைசி வார்த்தையாக வீட்டாரிடம் சொல்வது

தியேட்டர் வாசலில் நிற்கிற மகளிடம் ‘முதல் ஸ்டேஜ்தான், பயப்படாதீங்க’ என்று சொல்லிவிட்டு வருகிற ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். பாரஃபின் ஸ்லைடில் கிரேடு ஏறலாம், இன்னும் ஆழமாக ஓர் இடம் கிடைக்கலாம், கர்ப்பப்பை வாயின் ஸ்ட்ரோமாவில் கட்டி இருக்கலாம். 2023-இல் ஃபிகோ (உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு) வெளியிட்ட புது ஸ்டேஜிங்கில் கேன்சரின் வகை, ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் எவ்வளவு பரவியிருக்கிறது என்பவையும் சேர்ந்துவிட்டன. பி53, போலே என்கிற மூலக்கூறு சோதனைகள் செய்திருந்தால் அவற்றாலும் ஸ்டேஜ் மாறும். 20 நிமிடத்தில் இவை வராது. ‘இது முதல் தகவல், முழு ரிப்போர்ட் வந்தபிறகு உட்கார்ந்து பேசலாம்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

லேப் பக்கம் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். உறைய வைத்த துண்டில் மிச்சத்தை கிரையோஸ்டாட்டிலேயே மறந்துவிடாமல் உருக வைத்து ஃபார்மலினில் போட்டு, ‘ஃப்ரோசன் கண்ட்ரோல்’ என்று தனியாக எண் கொடுங்கள். மற்ற துண்டுகளோடு கலக்காதீர்கள். இரண்டு ஸ்லைடையும் ஒரே தட்டில் வைத்து, ஃப்ரோசன் பார்த்தவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பதில் மாறியிருந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் சர்ஜனுக்கு அன்றைக்கே போன் போடுங்கள்.