வால்வு கம்ப்ரசரில் எழுந்த 'தும்' சத்தம்

பழைய பாணியில் வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை) வைத்து நானே கட்டிய கம்ப்ரசர், அதாவது உரத்த ஒலியைத் தானாக அழுத்திக் குறைக்கும் கருவி, முதல் நாளே ஓடியது. ஆனால் டிரம் அடி விழுந்து ஒலி அழுத்தப்படும் ஒவ்வொரு கணத்திலும், ஸ்பீக்கரின் கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி தள்ளப்பட்டு 'தும்' என்றொரு சத்தம் எழுந்தது. பவர் சப்ளையைச் சந்தேகித்து, அதன் கெபாசிட்டர்களை மாற்றி இரண்டு நாட்களை வீணாக்கினேன்.

இச்சுற்றில் இரண்டு 6பிஏ6 வால்வுகள் புஷ்-புல் முறையில், அதாவது ஒலியை எதிரெதிர்த் திசையில் கையாளும் ஜோடியாக, இயங்குகின்றன. ஒலியை எவ்வளவு அழுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் இரண்டின் கிரிட்டுக்கும் (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) ஒரே அளவில் செல்வதால், இரு பக்கமும் மின்னோட்டம் சமமாகக் குறைந்தால் மட்டுமே அந்த மாற்றம் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் ரத்தாகி மறையும். என் வால்வுகள் ஓய்வு நிலையில் ஒத்திருந்தன. கிரிட்டை மைனஸ் 10 வோல்ட்டுக்கு இறக்கியபோதோ வெவ்வேறு வழியில் சென்றன. ஒரே புள்ளியில் அளந்து ஜோடி சேர்த்தது என் தவறுதான்.

கையிருப்பிலிருந்த 12 வால்வுகளையும் நன்கு சூடேறவிட்டு, மைனஸ் 1, 5, 10, 15 வோல்ட்டுகளில் அளந்து புதிய ஜோடியைத் தேர்ந்தெடுத்தேன். இரு வால்வுகளின் கேத்தோடுகளுக்கிடையே (எலக்ட்ரான்களை வெளியிடும் முனைகள்) 100 ஓம் பாட் (திருப்பி மாற்றக்கூடிய மின்தடை) ஒன்றைச் சேர்த்து, உள்ளீட்டில் ஒலியே இல்லாமல் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மட்டும் விட்டுவிட்டுக் கொடுத்து, அலைக்காட்டியில் தெரிந்த மேடு ஏறக்குறையத் தட்டையாகும்வரை அந்த மின்தடையைத் திருப்பினேன். (கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் 250 வோல்ட் தேங்கிய கெபாசிட்டர்களை மின்தடை வழியே வடித்து, மீட்டரில் சரிபார்த்தேன்; இதில் சோம்பல் கூடாது.)

அதே டிரம் பதிவை மீண்டும் ஓட்டினேன். 15 டெசிபல் வரை அழுத்தியும் கூம்பு தள்ளப்படவில்லை.