அடிபட்ட அவுட்போர்டு எஞ்சினைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

மொரிசியஸைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் இருப்பதால், பிரோக் என்னும் நம் சிறு மீன்பிடிப் படகுகளின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களுக்குக் கேடு பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. அந்த வளையத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலான லகூனுக்குள் நீர் குறைந்த வேளையில் புரொப்பெல்லர் பாறையில் மோதுவது ஒன்று. ஆண்டுக்கணக்கில் உப்புநீர் உள்ளே ஓடி உலோகத்தை அரிப்பது மற்றொன்று. பட்டறையில் தரும் மதிப்பீட்டில் இவை இரண்டும் ஒரே தொகையாகக் கலந்து வரும் என்பதால், முடிவெடுப்பவர்தான் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடியால் வந்த சேதம் பார்வைக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும் பெரும்பாலும் ஓரிடத்தோடு நிற்கும். உப்பரிப்போ ஒரு போல்ட்டில் தெரிந்தால், திறந்து பார்க்காத பல இடங்களிலும் இருக்கும்.

சோதனையைக் கீழிருந்து தொடங்குவது நல்லது. மலிவான கோளாறுகள் அங்கேதான் உள்ளன. பாறையில் மோதிய பிறகு எஞ்சின் இரைகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால், கியர் போய்விட்டது என்று பலர் பதறிவிடுகிறார்கள். உண்மையில் புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கியிருக்கலாம். சில சிறிய எஞ்சின்களில் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஊசியான ஷியர் பின் முறிந்திருக்கலாம். மோதலின் வேகம் கியரைத் தாக்காதபடி தாங்களே கெட்டுப்போவதுதான் அவற்றின் வேலை. புரொப்பெல்லரின் உள்வளையத்துக்கும் வெளிக்கூட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு வரைந்துவிட்டு, சற்றுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது என்பது உறுதி. அடுத்து, ஸ்பார்க் பிளக் வயர்களை எடுத்துவிட்டுப் புரொப்பெல்லரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்துத் தண்டைக் கையால் சுழற்றுங்கள். அசையாமல் பிடித்த ஒரு குச்சியின் நுனிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறினால் தண்டு வளைந்திருக்கிறது. எஞ்சினின் அடிநுனியிலுள்ள அலுமினியத் துடுப்பு உடைந்திருந்தால் அதை வெல்டிங் செய்துவிடலாம். அதற்காக எஞ்சினை ஒதுக்க வேண்டியதில்லை.

கியர் ஆயிலைப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது. எஞ்சினை ஓர் இரவு நேராக நிறுத்திவைத்து, மறுநாள் கீழ்த் திருகை மெல்லத் தளர்த்தினால், உள்ளே நீர் தேங்கியிருந்தால் அதுவே முதலில் வெளியேறும். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. தூண்டில் நரம்பு தண்டில் சுற்றிச் சீலை அறுத்திருப்பது இதற்கு வழக்கமான காரணம். காந்தத் திருகில் மெல்லிய சாம்பல்நிற மாவு ஒட்டியிருப்பது இயல்பே. நகத்தால் எடுக்கக்கூடிய உலோகச் சில்லுகள் கிடைத்தால் கியர் பற்கள் உடைகின்றன என்று பொருள். அப்போதும்கூட, மேலிருக்கும் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் நியாயமான செலவுதான்.

எனவே கேள்வி மேலே, சிலிண்டர்களிடம் போகிறது. பெரிய பழுதுக்குச் சம்மதிக்கும் முன், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதைச் செய்யாமல் விலை சொல்லும் பட்டறையை நான் நம்புவதில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி எழாதபடி இக்னிஷனைத் துண்டித்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, அளவியின் முள் ஏறுவது நிற்கும்வரை சுழற்ற வேண்டும். எண் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாட்டையே முதலில் கவனியுங்கள்: அது சுமார் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டையோ, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் வால்வுகளையோ சந்தேகிக்க வேண்டும். கேஸ்கெட் மாற்றுவது சிறு வேலை. சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்தால் அது வேறு கதை.

உப்பைக் கண்டறிவதற்குக் கருவி தேவையில்லை, பொறுமை போதும். பக்கவாட்டுத் துளையிலிருந்து வரும் குளிர்நீர்த் தாரை மெலிந்திருந்தால் முதலில் அந்த நீரை மேலேற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மாற்றுங்கள். அது கைக்காசில் முடியும் வேலை. புது இம்பெல்லர் போட்ட பின்னும் தாரை வலுப்பெறவில்லை, தெர்மோஸ்டாட் உறையைத் திறந்தால் உப்புக்கட்டி, போல்ட்டுகளைச் சுற்றி வெண்பொடி, பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது என்றால், நீர்ப்பாதைகள் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்க வாய்ப்பு மிகுதி. இத்தகைய எஞ்சினில் போல்ட்டுகள் கழலாமல் முறியும்; முறிந்ததைத் துளையிட்டு எடுக்கும் கூலி, மாற்ற வந்த உறுப்பின் விலையைத் தாண்டிவிடும். எனது 15 குதிரைத்திறன் எஞ்சினில் இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் என்று தவணை கட்டுவதுபோல் கட்டிக்கொண்டே போனேன். கடைசியில் புகைப்போக்கித் தட்டே ஓட்டையாகியிருந்தது. முதல் போல்ட் முறிந்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும்.

கடலில் மூழ்கிய எஞ்சின் இவ்விரண்டிலும் சேராதது. ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியதென்றால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுத்தப்படாமல் கனெக்டிங் ராடை வளைத்திருக்கக்கூடும். கையால் சுழற்றும்போது தடங்கினால் வலிந்து சுழற்றாதீர்கள். நின்ற நிலையில் மூழ்கியதென்றால், வெளியே எடுத்த சில மணி நேரத்துக்குள் நன்னீரில் கழுவி, பிளக்குகளைக் கழற்றி நீரை வடித்து, ஆயில் விட்டு ஓடவைத்தால் பிழைக்கும். அன்றே செய்ய இயலாவிட்டால் நன்னீர்த் தொட்டியில் மூழ்கவைத்திருப்பது, காற்றில் வைப்பதைவிட மேல். நனைந்த உலோகம் காற்றுப் பட்டதும் வேகமாகத் துருப்பிடிக்கும். புயல் பருவத்தில், எச்சரிக்கைகளின் தொடக்க நிலையான முதல் வகுப்பு எச்சரிக்கை வந்ததுமே எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

பழுதுச் செலவு புதிய எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று பலரும் சொல்லும் கணக்கு உண்டு. உப்பு தின்ற எஞ்சினுக்கு மூன்றில் ஒரு பங்குகூட அதிகம் என்பேன். நன்னீரால் ஒழுங்காகக் கழுவப்பட்டு, பாறையில் அடிபட்டு மட்டும் வந்த எஞ்சினுக்குப் பாதிக்கு மேலும் கொடுக்கலாம். மாற்றும் பக்கத்துக் கணக்கில் கேபிள், கன்ட்ரோல் பெட்டி, புரொப்பெல்லர், பொருத்தும் கூலி ஆகியவற்றையும் சேர்க்க மறக்காதீர்கள். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதென்றால் காத்திருக்கும் நாள்களின் வருமான இழப்பும் செலவே. பெரிய வலை, மீனின் செவுளைச் சிக்கவைக்கும் கில் வலை ஆகியவற்றின் பிடிப்புக்குத் தடையுள்ள அக்டோபர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரையிலான மாதங்களில், அந்த வலைகளை நம்பியிருப்பவர்களுக்கு இந்த இழப்பு குறைவு.

படகு எங்கே போகிறது என்பதும் விடையை மாற்றும். லகூனுக்குள் நின்றுபோன படகைக் கழியால் ஊன்றிக் கரைசேர்க்கலாம். வெளிக்கடலில் அப்படியில்லை: ஆண்டின் பெரும்பகுதி வீசும் தென்கிழக்குக் காற்று, மேற்குக் கரையிலிருந்து போன படகைத் திறந்த கடலுக்குள்ளும், கிழக்குக் கரைப் படகைப் பாறைமீதும் தள்ளும். பாறைக்கு வெளியே செல்பவர், சந்தேகத்துக்கிடமான எஞ்சினை லகூன் வேலைக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் படகின் பின்பலகையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குட்டைத் தண்டு சுமார் 15 அங்குலத்துக்கும் நீளத்தண்டு சுமார் 20 அங்குலத்துக்கும் பொருந்தும். இரண்டு ஸ்ட்ரோக்கிலிருந்து நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறினால் எடை கூடும் என்பதால், பழைய மரப் பிரோக்கின் பின்பலகையை வலுப்படுத்த வேண்டிவரலாம். பழையது வாங்குவதானால், 2020இல் உற்பத்தி நின்றுபோன எவின்ரூட் போன்றவற்றில் மலிவு விலையைக் கண்டு அவசரப்படாமல், உதிரிப்பாகம் இங்கே கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கழற்றிய பழைய எஞ்சினைச் சும்மா தூக்கிக்கொடுக்க வேண்டாம். கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், நல்ல நிலையிலுள்ள கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்கு, அதே மாடல் வைத்திருப்பவர்கள் விலை தருவார்கள்.